செய்தலும் அறிதலும்

ஒன்றைச் செய்து இயக்குவது பொறியியலின் வழி. அது ஏன் அவ்வாறு இயங்குகிறது என வினவுவது அறிவியலின் வழி. அறிவியல் முன்னே செல்ல, பொறியியல் பின்தொடரும் என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு வேறு கூறுகிறது. ஜேம்ஸ் வாட் நீராவிப் பொறியைச் செம்மைப்படுத்தி 1769இல் காப்புரிமை பெற்றார். வெப்பம் வேலையாக மாறுவதை ஆராய்ந்து பிரெஞ்சு அறிஞர் கார்னோ நூல் வெளியிட்டது 1824இல்தான்.

மனித உணர்விலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வில்லியம் மார்ட்டன் நோயாளி ஒருவரை ஈதர் ஆவியை முகரச் செய்தார். கழுத்துக் கட்டி வலியின்றி அகற்றப்பட்டது. அதன்பின் மருத்துவர்கள் உணர்வை நீக்கவும் மீட்கவும் கற்றனர். ஆயினும், மூளையில் உணர்வு எவ்வாறு தோன்றுகிறது என்னும் வினாவிற்கு இன்றுவரை முழு விடை இல்லை.

விடையின்றியே வேலை நடக்கும்போது ஆராய்ச்சி எதற்கு எனச் சிலர் கேட்கலாம். அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தும் மருந்தும் செலுத்தப்படுவது உண்டு. அரிதாக, மயக்கம் போதாமல் நோயாளிக்கு உணர்வு திரும்பினால், கையசைக்கவோ குரல் கொடுக்கவோ அவரால் இயலாது. அவருள் உணர்வு உள்ளதா என்பதை ஐயமறக் காட்டும் கருவி இன்னும் இல்லை. இன்னதென்று அறியாத ஒன்றைச் சரியாக அளப்பது எங்ஙனம்?

அறிவியலின் விடைக்காகக் காத்திராமல் மருத்துவர்கள் வலியைப் போக்கியது நன்று. ஆனால், செயல் கைகூடியதும் வினாவைக் கைவிடுதல் தவறு. மேசைமேல் கிடக்கும் நோயாளிக்குச் செய்பவரும் வேண்டும், வினவுபவரும் வேண்டும்.