தாத்தா காருக்கு ஹீட்டர் வைக்கலாமா?



எங்கள் வீட்டில் ஒரு மாதமாக ஒரே சண்டை. சொத்துச் சண்டை இல்லை. தாத்தாவின் அம்பாசிடர் காருக்கு ஹீட்டர் வைப்பதா, வேண்டாமா என்பதுதான் சண்டை. நம் பள்ளி வாசல் வழியாக மெதுவாகப் போகுமே, அந்தக் கறுப்புக் கார்தான். 1967-ஆம் வருடத்து வண்டி. அதை டாக்ஸியாக ஓட்டித்தான் தாத்தா என் அப்பாவைப் படிக்க வைத்தார்.

நம் நீலகிரிப் பனியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். என் பாட்டிக்கு இழுப்பு உண்டு. மாதம் ஒரு முறை விடிகாலையில் ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போகணும். காரில் நாலு பேர் மூச்சு விட்டால் முன் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். தாத்தா ஒரு கையால் துணி வைத்துத் துடைத்துக்கொண்டே வளைவில் ஓட்டுவார். ஜன்னலை இறக்கினால் பாட்டிக்கு இழுப்பு. ஏற்றினால் ரோடு தெரியாது.

போன ஜனவரியில் ஒரு பெரிய தப்பு நடந்தது. பாட்டிக்குக் குளிருதே என்று ஒரு இரும்புச் சட்டியில் கரி நெருப்பு போட்டுக் காருக்குள் வைத்தோம். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. பாதி வழியில் எனக்குத் தலைவலி வந்து வாந்தி எடுத்தேன். அதனால்தான் தாத்தா வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தார். நான் வாந்தி எடுக்காமல் தூங்கிப்போயிருந்தால்? இப்போதும் நினைத்தால் கை நடுங்குகிறது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு விட்டுக்கொண்டே இருப்போம், உடம்புக்குக் காற்று போகாது.

அன்றிலிருந்து அப்பா ஹீட்டர் வைக்கலாம் என்கிறார். தாத்தா, "வண்டி வந்தது வந்தபடியே இருக்கணும். புதுசா ஒரு ஆணி அடிக்க விட மாட்டேன்" என்கிறார்.

தாத்தா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்கு விதி கொண்டுவந்தது. பதிவாகி 50 வருடம் தாண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜின் மாறாமல் இருந்தால் 'விஏ' என்ற எழுத்தோடு தனி நம்பர் வாங்கலாம். தாத்தாவுக்கு அந்த நம்பர் மேல் ஆசை. ஆனால் அந்த நம்பர் வாங்கினால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சிலவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அப்புறம் பாட்டியை எதில் கூட்டிப்போவது? அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது, கார் பார்ப்பதற்கா, போவதற்கா என்பதுதான். போவதற்கு என்றால் அதில் உட்காருகிறவர் உயிர் முக்கியம்.

இன்னொன்று. பழைய காரில் ஹீட்டர் சேர்ப்பது நாம் கண்டுபிடித்த புதுமை இல்லை. 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் வந்த ஃபோர்டு 'மாடல் டி' காருக்குக் கம்பெனி ஹீட்டர் கிடையாது. வாங்கியவர்களே கடையில் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். இன்ஜினின் சூடான புகைக்குழாயைச் சுற்றித் தகரம் கட்டி, அந்தக் காற்றை உள்ளே விடுவது ஒரு முறை. எனக்கு இந்த முறை பிடிக்கவில்லை. குழாயில் ஓட்டை விழுந்தால் புகையும் உள்ளே வரும். கரிச்சட்டி கதைதான்!

"கரண்ட் ஹீட்டர் வைத்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். அறிவியல் பாடத்தில் படித்ததை வைத்துக் கணக்குப் போட்டேன். 1000 வாட் ஹீட்டருக்கு 12 வோல்ட்டில் 83 ஆம்பியர் வேண்டும். அந்தக் காலத்துக் கார்களின் டைனமோ தருவது சுமார் 20 ஆம்பியர்தான். பேட்டரி படுத்துவிடும்.

மிச்சம் இருப்பது வெந்நீர் ஹீட்டர். இன்ஜினைக் குளிர வைத்துச் சூடாகி வரும் தண்ணீரில் கொஞ்சத்தை ரப்பர் குழாய் வழியாக உள்ளே ஒரு சின்ன ரேடியேட்டருக்கு அனுப்பி, விசிறியால் காற்றடிப்பது. வீணாகப் போகிற சூடுதான், தனியாகப் பெட்ரோல் செலவழிக்க வேண்டாம். விசிறிக்கு நாலைந்து ஆம்பியர் போதும். அதே காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினால் ஆவியும் போய்விடும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலிருந்து வந்ததுதான் அம்பாசிடர். அந்த வகை இன்ஜினின் ஹெட்டிலேயே ஹீட்டர் குழாய்க்கு இடம் விட்டிருக்கிறார்கள். செய்தவர்களே இடம் விட்டிருக்கும்போது நாம் ஏன் பயப்படணும், தாத்தா?

ஆகவே என் கருத்து, ஹீட்டர் வைக்கலாம். ஆனால் மூன்று நிபந்தனைகள். ஒன்று, பாடியில் புது ஓட்டை போடக் கூடாது. நாளைக்குக் கழற்றினால் வண்டி பழையபடி ஆக வேண்டும். இரண்டு, கழற்றிய பழைய பாகங்களைப் பத்திரமாக டப்பாவில் போட்டு வைக்கணும். மூன்று, ஹீட்டர் வைக்கும் முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கணும். சூடு வந்ததும் எல்லாரும் ஜன்னலை ஏற்றிவிடுவோம் இல்லையா?

இதைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த டப்பாவை நீயே வச்சுக்கோ" என்றார். அது சரி என்று அர்த்தமா, கோபமா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. பாட்டி மட்டும் சிரித்தார்.

தோழர்களே, உங்கள் வீட்டில் கார் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கரி அடுப்பு இருக்கலாம். மூடின அறையில் அதை வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள்.



9-ஆம் வகுப்பு மாணவி