யார் கூப்பிட்டாங்க?

விடுதியில் தங்கிப் படிக்கிற தோழர்கள் சிலர் போன மாதம் வந்து கேட்டார்கள். "அண்ணே, ஊழியத்துக்கு வெளிநாடு போக டீம் எடுக்கிறாங்க. பதினஞ்சு நாள். போலாமா?" எந்த நாடு என்று கேட்டேன். அது இன்னும் முடிவாகவில்லையாம். டீம் மட்டும் முடிவாகிவிட்டதாம்!

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சேரிப் பிள்ளை விமானம் ஏற ஒரு வாய்ப்பு வருகிறபோது, தத்துவம் பேசி அதைத் தட்டிவிட நான் யார்? ஆனால் ஹைட்டியில் நடந்ததைச் சொன்னேன். அதை இங்கேயும் எழுதுகிறேன்.

2010 ஜனவரி 12ஆம் தேதி ஹைட்டியில் பெரும் நிலநடுக்கம். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் இடிந்து விழுந்தது. அந்த மாதக் கடைசியில் அமெரிக்க பாப்டிஸ்ட் சபைக்காரர்கள் 10 பேர், ஒரு மிஷன் டீம், 33 பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பக்கத்து நாடான டொமினிகன் குடியரசுக்குப் போக எல்லைக்கு வந்தார்கள். கையில் முறையான காகிதம் ஒன்றும் இல்லை. போலீஸ் பிடித்தது. அநாதைகளைக் காப்பாற்ற வந்தோம் என்றார்கள். விசாரித்தால், பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் உயிரோடு இருந்தார்கள். பள்ளிக்கூடம் இருக்கு, விளையாட இடம் இருக்கு, நீங்க வந்து பார்க்கலாம் என்று சொன்னதை நம்பிப் பெற்றவர்களே கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். பிப்ரவரியில் எட்டுப் பேரை விட்டார்கள். குழுவின் தலைவி மே மாதம்வரை சிறையில் இருந்தார். கடைசியில் கடத்தல் வழக்கு நிற்கவில்லை. முறைகேடான பயணத்துக்கு ஏற்பாடு செய்தார் என்று தீர்ப்பாகி, உள்ளே இருந்த நாளே தண்டனை என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்தப் பத்துப் பேரும் பிள்ளை பிடிக்கிற கூட்டம் என்று நான் நினைக்கவில்லை. அப்படி இருந்திருந்தால் விஷயம் சுலபம். நல்லது செய்யத்தான் போனார்கள். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் போயிருப்பார்கள். பெற்றவளிடம், "உன் பிள்ளையை நீயே வச்சு வளர்க்க என்ன வேணும்?" என்று கேட்டிருக்கலாம். பத்துப் பேரின் விமானக் கட்டணத்தில் அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் எத்தனை வருஷம் படித்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். அதைவிட, தாய் இருக்கிற பிள்ளைக்கு 'அநாதை' என்று பேர் வைக்கும் அதிகாரத்தை யார் கொடுத்தது? நமக்கும் ஒருத்தர் 'அரிஜன்' என்று பேர் வைத்தார். நம்மைக் கேட்டா வைத்தார்? காப்பாற்ற வருகிறவன் முதலில் பேரைத்தான் மாற்றுகிறான்.

ஹைட்டி ஏன் ஏழையானது? கடவுள் சாபம் என்று பேசுகிற போதகர்கள் அமெரிக்காவில் உண்டு. வரலாறு வேறு கதை சொல்கிறது. கரும்புத் தோட்டத்து அடிமைகள் 1791இல் கிளர்ந்தெழுந்து, பிரெஞ்சு ராணுவத்தையே தோற்கடித்து, 1804இல் விடுதலை அறிவித்த மண் அது. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, இழந்த 'சொத்துக்கு' ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. அந்தச் சொத்தில் அடிமைகளும் சேர்த்தி! தன் உடம்புக்குத் தானே விலை கொடுத்த சனம் வேறு எங்காவது உண்டா? பிறகு தொகையைக் குறைத்தார்கள். ஆனாலும் அதற்காக வாங்கிய கடனை அடைத்து முடிக்க 1947 ஆயிற்று. பெயின்ட் டப்பாவோடு இறங்குகிற டீமுக்கு இந்தக் கணக்கை யாராவது சொல்லி அனுப்புகிறார்களா?

சொல்லாமல் விடுவதும் பழைய வித்தைதான். 1807இல் லண்டனில் ஒரு பைபிள் அச்சானது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காகவே தயாரித்தது. மோசே தன் சனத்தை எகிப்திலிருந்து மீட்டுக்கொண்டுபோகிற கதை அதில் கிடையாது, வெட்டிவிட்டார்கள். யோசேப்பு அடிமையாக விலைபோன கதை மட்டும் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் ஊருக்கும் ஒரு டீம் வந்தது. நான் அப்போது எட்டாவது படித்தேன். வெள்ளைக்கார அண்ணன்களும் அக்காக்களுமாகச் சேர்ந்து எங்கள் தெரு ஜெபவீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். எங்களுக்குக் கொண்டாட்டம்தான், பொய் சொல்லக்கூடாது. மிட்டாய் கிடைத்தது, போட்டோ எடுத்தார்கள். எங்கள் மாமா ஒருத்தர் வெள்ளையடிக்கிறதையே தொழிலாக வைத்திருந்தவர். அந்த வாரம் பூராவும் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அவர்கள் போனதும், திட்டுத்திட்டாக இருந்த சுவரை மறுபடி அடிக்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். கூலி இல்லை, ஊழியமாம்! அதே ஊரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் இன்னொரு சுவர் இருந்தது. அந்தப் பக்கம் அவர்கள் பிணம், இந்தப் பக்கம் எங்கள் பிணம். இரண்டும் ஒரே சபைப் பிணங்கள்தான். அந்தச் சுவரை டீமுக்கு யாரும் காட்டவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

போகிறவர்கள் எல்லாருமே இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நிலநடுக்கத்தில் நசுங்கிய காலை அறுத்து உயிரைக் காப்பாற்றிய டாக்டர்களை யார் குறை சொல்வார்கள்? ஹைட்டியிலேயே வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1956இல் கட்டி முடித்த பெலிக்ர் அணையால் நிலம் பறிபோன விவசாயிகள் ஒதுங்கிய இடம் கான்ஷ். அங்கே ஃப்ரிட்ஸ் லாஃபோன்தான் என்ற ஹைட்டிப் பாதிரியாரோடு சேர்ந்து அமெரிக்க டாக்டர் பால் ஃபார்மர் 1980களில் வேலை தொடங்கினார். காசநோய்க்காரர் வீட்டுக்குப் போய் மாத்திரை கொடுத்து, சாப்பிட்டாரா என்று பார்க்கிற வேலைக்கு அந்த ஊர்க்காரர்களையே வைத்தார்கள். சம்பளமும் கொடுத்தார்கள். அவர்களுக்கு வைத்த பேருக்கு அர்த்தம், கூட நடக்கிறவர். ஃபார்மர் 2022இல் இறந்தார். அந்த வேலை நிற்கவில்லை.

தோழர்களிடம் மூன்று விஷயம் கேட்டுவிட்டு வரச் சொன்னேன். அந்த ஊர்க்காரர்களில் யார் உங்களைக் கூப்பிட்டது? நீங்கள் செய்யப்போகிற வேலையை இப்போது கூலிக்குச் செய்துகொண்டிருப்பவர் யார்? உங்கள் டீமில் பிரசங்கம் பண்ணுவது யார், பெட்டி தூக்குவது யார்? கடைசிக் கேள்விக்கு ஒருத்தன் சிரித்தான். அவனுக்குப் பதில் தெரிந்திருக்கிறது.

"இதெல்லாம் கேட்டா டீம்ல வச்சுக்குவாங்களாண்ணே?" என்றான் இன்னொருத்தன். கேட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்வதாகப் போயிருக்கிறார்கள்.