இரண்டு வட்டியின் இரண்டு கணக்குகள்
நேரியல் சார்பில் ஒவ்வொரு அடியிலும் ஒரே அளவு கூடுகிறது. அடுக்குக்குறிச் சார்பில் ஒவ்வொரு அடியிலும் ஒரே எண்ணால் பெருகுகிறது. அட்டவணை தரப்பட்டால் அடுத்தடுத்த மதிப்புகளைக் கழித்துப் பார்க்கவேண்டும். வேறுபாடு மாறாவிட்டால் முதல் வகை. வகுத்துப் பார்க்கையில் விகிதம் மாறாவிட்டால் இரண்டாம் வகை. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று ஊரில் வாங்கும் ‘இரண்டு வட்டி’க் கடனில் இரண்டையும் காணலாம். பத்தாயிரம் ரூபாய்க்குத் தனிவட்டி என்றால் t மாத முடிவில் கடன் 10,000 + 200t. அது இரட்டிப்பாகும் காலம் கேட்டால் 20,000-க்குச் சமப்படுத்தி, 10,000-ஐக் கழித்து, 200-ஆல் வகுத்தால் போதும்: 50 மாதம். வட்டியும் அசலோடு சேர்ந்தால் கடன் 10,000 × (1.02)ᵗ. இங்கே 10,000-ஐ முதலில் 1.02-ஆல் பெருக்கி, வந்ததை அடுக்கில் ஏற்றுவதுதான் மாணவர் அதிகம் செய்யும் பிழை, அடுக்கு 1.02-க்கு மட்டுமே உரியது. இரட்டிப்புக்கு (1.02)ᵗ = 2. தெரியாத எண் அடுக்கில் இருப்பதால் கூட்டலும் வகுத்தலும் மட்டும் அதை இறக்கித் தரா, மடக்கை வேண்டும். 2-இன் மடக்கை 0.3010-ஐ 1.02-இன் மடக்கை 0.0086-ஆல் வகுக்க, ஏறத்தாழ 35 மாதம். மூன்றாம் மாதத்தில் இரு கணக்குக்கும் வேறுபாடு 12 ரூபாய்தான். கடன் வாங்குபவர் கண்ணில் அது படாது, ஆபத்தும் அங்கேதான். பத்தாண்டு முடிவில் தனிவட்டிக் கடன் 34,000 ரூபாய். கூட்டுவட்டிக் கடன் 1,07,000-ஐத் தாண்டிவிடும்.