காருக்குள் நுழையும் ‘எக்ஸ்ட்ரா’ ஒயர்... மீட்டர் ஆசை வண்டியையே எரிக்கும், உஷார்!

சென்னை:

“ஓடும் காரில் திடீர் தீ. டிரைவர் குதித்து உயிர் தப்பினார். மின்கசிவே காரணம் என்று கூறப்படுகிறது.”

கத்திரி வெயில் வந்துட்டா போதும், இப்படி ஒரு செய்தி அடிக்கடி கண்ணில் படும். படிச்சிட்டு அடுத்த செய்திக்குப் போயிடுவோம். ஆனா அந்த ‘மின்கசிவு’ங்கிற ஒத்தை வார்த்தைக்குள்ளே ஒளிஞ்சிருக்கிற விஷயத்தை யாரும் தோண்டிப் பார்க்கிறதில்லை. கம்பெனி போட்ட ஒயர் பழசாகி எரிவதும் உண்டு. நாமே காசு கொடுத்து இழுத்த ஒயர் எரிவதும் உண்டு. இரண்டாவது ரகம் முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடியது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

முள் போச்சு, விளக்கு வந்துச்சு

டாக்சி டிரைவர்கள் எக்ஸ்ட்ரா மீட்டர் மாட்டுவது ஷோக்குக்கு இல்லை. முன்பெல்லாம் டேஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்ட முள் இருக்கும். முள் மேலே ஏறினா வண்டியை ஓரம் கட்டிடலாம். இப்போது பல சின்ன கார்களில் அந்த முள்ளே கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தா நீல விளக்கு, கொதிச்சா சிவப்பு விளக்கு. அவ்வளவுதான்.

இன்ஜின் தண்ணீர் வழக்கமா 90 டிகிரி பக்கம் நிற்கும். அது மெல்ல ஏறும்போது நடுவில் எச்சரிக்கை ஏதும் இல்லை. சிவப்பு விளக்கு எரியும்போது காரியம் பாதி கெட்டிருக்கும். கவனிக்காம ஓட்டினா ஹெட் கேஸ்கெட் போகும், ஹெட் பெண்டாகும். வண்டி ஷெட்டில் நிற்கும். ஆனா மாச டியூ நிற்காது. அதனால்தான் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் டெம்பரேச்சர் மீட்டர், வோல்ட் மீட்டர், ஆயில் பிரஷர் மீட்டர் கேட்டு ஆள் வருகிறது. ஆசை நியாயமானதுதான். சிக்கல் மீட்டரில் இல்லை, ஒயரில்!

அந்தத் தகட்டுச் சுவர்

இன்ஜினுக்கும் டிரைவர் காலுக்கும் நடுவே ஒரு இரும்புத் தகட்டுச் சுவர் இருக்கு. மெக்கானிக் பாஷையில் ‘ஃபயர் வால்’. பேரிலேயே வேலை தெரியுது. நெருப்பு, புகை, சூடு, தண்ணீர் எதுவும் உள்ளே வராம தடுப்பதுதான் அதன் வேலை. மீட்டரின் சென்சார் இன்ஜின் பக்கம், மீட்டர் டேஷ்போர்டு பக்கம். ஒயர் இந்தச் சுவரைத் தாண்டியே ஆகணும்.

அவசரத்தில் ட்ரில்லை எடுத்து ஓட்டை போட்டு, ஒயரை நுழைத்து, “ரெண்டு ஒயர்தானே அண்ணே” என்று அனுப்பி விடுவது சில இடங்களில் வழக்கம். வெட்டிய தகட்டின் ஓரம் பிளேடு மாதிரி. வண்டி ஓட ஓட அதிர்வில் ஒயர் அந்த ஓரத்தில் உரசிக்கிட்டே இருக்கும். ஆறு மாசமோ ஒரு வருஷமோ, மேல்தோல் கிழிஞ்சு செம்பு தெரியும்.

இங்கேதான் வில்லங்கம். வீட்டு வயரிங் மாதிரி காரில் போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர் கிடையாது. காரின் பாடி முழுக்கவே நெகட்டிவ். பாசிட்டிவ் ஒயரின் செம்பு எங்கே தகட்டைத் தொட்டாலும் ஷார்ட் சர்க்யூட். கார் பேட்டரி 12 வோல்ட்தான், கை வைத்தா ஷாக் அடிக்காது. அதை நம்பி அலட்சியமா இருக்கக் கூடாது. ஷார்ட் ஆனா நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் தள்ளிவிடும். மீட்டருக்குப் போட்ட மெல்லிசு ஒயர் சில வினாடியில் பழுத்துச் சிவக்கும். பக்கத்தில் கார்பெட், பஞ்சு, பிளாஸ்டிக். அப்புறம் என்ன ஆகும் என்று சொல்லவா வேணும்?

ஃபியூஸ் எங்கே?

“ஃபியூஸ் போட்டிருக்குல்ல?” என்று கேட்டா, பெரும்பாலும் “போட்டாச்சு” என்றுதான் பதில் வரும். எங்கே போட்டிருக்கு என்பதுதான் கேள்வி. மாற்ற வசதி என்று டேஷ்போர்டு பக்கம், மீட்டர் அருகில் போட்டால் அது பாதி வேலைதான். பேட்டரியிலிருந்து அந்த ஃபியூஸ் வரை உள்ள ஒயருக்குக் காவலே இல்லை. தகட்டு ஓட்டை இருப்பதோ அந்த நடு வழியில்தான். திருடன் வாசல் வழியா வர, காவலாளியை மொட்டை மாடியில் நிறுத்தின கதை!

ஃபியூஸ் பேட்டரி பக்கத்தில், ஒரு ஜாண் தூரத்துக்குள் இருக்கணும். மீட்டர் தின்னும் கரண்ட் அரை ஆம்பியர்கூட வராது. 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். அது போயிடுச்சேன்னு 20 ஆம்பியர் மாட்டுறதும், சிகரெட் பாக்கெட் ஜிகினா தாளைச் சுத்தி விடுறதும் தற்கொலைக்குச் சமம். ஃபியூஸ் காப்பாற்றுவது மீட்டரை இல்லை, ஒயரை.

மீட்டருக்கு மீட்டர் வித்தியாசம்

கரண்ட் பார்க்க ஆம்ப் மீட்டர் வேணும்னு சிலர் கேட்கிறார்கள். பழைய மாடல் ஆம்ப் மீட்டருக்கு வண்டியின் மொத்தக் கரண்டும் தடிமனான ஒயரில் கேபினுக்குள் வந்து திரும்பிப் போகணும். அதற்குப் பதில் வோல்ட் மீட்டர் போதும். இன்ஜின் ஆஃபில் 12.6 வோல்ட் இருந்தா பேட்டரி நல்லா இருக்கு. ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்டினா சார்ஜ் ஏறுது. புது கார்களில் இதில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும்.

ஆயில் மீட்டரிலும் இரண்டு வகை. பழைய ரகத்தில் இன்ஜினின் சூடான ஆயிலே மெல்லிய குழாய் வழியா கேபினுக்குள் வரும். குழாய் விட்டுப்போனா டிரைவர் காலில் கொதிக்கும் ஆயில். சென்சார் ரகத்தில் ஒயர் மட்டும்தான் உள்ளே வரும். விலை கொஞ்சம் கூடினாலும் அதுவே மேல்.

எரிஞ்ச பிறகு யார் பொறுப்பு?

2010-ல் டாடா நானோ கார்கள் சில தீப்பிடித்து பெரும் பரபரப்பானது. கூடுதல் மின்சாதனம் மாட்டியிருந்ததும், சைலன்சர் பகுதியில் வேறு பொருள் கிடந்ததும் காரணம் என்று கம்பெனி சொன்னது. அதோடு கார்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடு செய்து தருவதாகவும் அறிவித்தது. பாடம் என்னன்னா, வண்டி எரிஞ்சா முதல் கேள்வியே “வெளியே எதுவும் மாட்டினீங்களா?” என்பதுதான்.

இன்சூரன்ஸ் சர்வேயரும் அதையேதான் பார்ப்பார். பேக்கேஜ் பாலிசியில் வண்டி தானா தீப்பிடிப்பதும் அடங்கும். ஆனா வெறும் எலக்ட்ரிக்கல் கோளாறுக்குப் பணம் கிடையாது. வண்டி விலையில் சேராத எலக்ட்ரிக்கல் சாமான்களைத் தனியாகச் சொல்லி பாலிசியில் எழுதணும். மோட்டார் டாரிப் கணக்குப்படி அதற்கான பிரீமியம் சாமான் மதிப்பில் 4 சதவீதம். அதாவது 5 ஆயிரம் ரூபாய் சாமானுக்கு 200 ரூபாய். எழுதாம விட்டா, மாட்டின சாமானுக்கு நஷ்டஈடு இல்லை. வண்டிக்கான கிளைமிலும் இழுபறி வரும். வாரன்டியில் இருக்கும் வண்டியா இருந்தா, ஒயரைப் பார்த்ததும் சர்வீஸ் சென்டர் கையை விரிக்கலாம்.

ஒயர் இழுத்தவர் கடையில் பில் கிடையாது. ஃபைனான்ஸ் கம்பெனி டியூவை விடாது. கடைசியில் மாட்டிக்கொள்வது வண்டி ஓட்டி வயிறு கழுவும் டிரைவர் மட்டும்தான். வேலையை முடிச்சவர் எப்படி முடிச்சார் என்று கேட்கும் உரிமையும் அவருக்குத்தான் இருக்கு.

கேட்டு வாங்குங்க!

* புது ஓட்டை வேண்டாம். கம்பெனி ஒயர் கட்டு போகிற ரப்பர் வளையத்திலேயே வழி இருக்கும். அதில் நுழைத்து சிலிக்கான் அடைப்பு போடச் சொல்லுங்க. இல்லைன்னா மழைத் தண்ணீர் ஒயரைப் பிடிச்சுக்கிட்டே உள்ளே வந்து ஃபியூஸ் பாக்சை நனைக்கும்.

* ஓட்டை போட்டே ஆகணும்னா, பின்னால் பிரேக் பைப், ஏ.சி. பைப் இருக்கான்னு பார்த்துட்டுப் போடணும். ஓரத்தை அரம் போட்டுத் தேய்த்து ரப்பர் வளையம் மாட்டணும்.

* இன்ஜின் பக்கம் ஒயருக்கு சூடு தாங்கும் ஸ்லீவ் போடணும். சைலன்சர் பக்கமும் ஃபேன் பக்கமும் போகக் கூடாது.

* உள்ளே வந்த ஒயர் பிரேக், கிளட்ச் பெடல் பக்கம் தொங்கக் கூடாது. டை போட்டுக் கட்டணும்.

* மஞ்சள் உறை போட்ட ஒயர் ஏர்பேக்குக்கு உரியது. அதில் கை வைக்கவே விடாதீங்க.

* சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்திலிருந்து எடுக்கணும். இல்லாட்டி காலையில் பேட்டரி டவுன்.

ஓட்டையே இல்லாத வழியும் இருக்கு. 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ்.-6 கார்களில் ஸ்டீயரிங் அடியில் ‘ஓ.பி.டி.’ சாக்கெட் உண்டு. அதற்கு முன் வந்த பல கார்களிலும் இருக்கு. அதில் சின்ன அடாப்டரைச் சொருகினா தண்ணீர் சூடும் பேட்டரி வோல்ட்டும் செல்போனிலேயே தெரியும். வண்டியை நாள் கணக்கில் நிறுத்துறப்போ மட்டும் அடாப்டரைக் கழட்டி வைங்க.

அந்த ரப்பர் வளையமும் ஃபியூசும் ஒரு நாள் டிபன் காசுக்குள் அடங்கும். அதைக் கேட்டு வாங்கத் தவறினா, பல லட்ச ரூபாய் வண்டி ரோட்டோரம் எலும்புக்கூடா நிற்கும். மறுநாள் செய்தியில் காரணம் என்னவோ அதே ‘மின்கசிவு’தான்!