கடல்கிடந்த மண்ணும் காப்பிழந்த கல்லும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கற்களுட் பல பேசும் கற்கள். சித்தன்னவாசலிலும் குடுமியான்மலையிலும் நார்த்தாமலையிலும் முன்னோர் பொறித்தவற்றைப் படியெடுத்துப் படித்தறிந்தனர். 1929-இல் புதுக்கோட்டைக் கல்வெட்டுகள் நூலாகவே வெளிவந்தன. 1910-இல் தொடங்கப்பெற்றுத் திருக்கோகரணத்தில் இன்றும் நிலவும் அருங்காட்சியகம், மண்ணின் செல்வத்தை மண்ணிலேயே காக்கும் அறிவு அப் பகுதியார்க்கு அன்றே இருந்தமைக்குச் சான்று.

ஆயின், மாந்தன் எழுதாத கல்லெழுத்தும் உண்டு. அதனைப் படிக்கக் கொள்ளிடத்திற்கு வடக்கே செல்லல் வேண்டும். 1948 முதல் 1974 வரை புதுக்கோட்டையும் அடங்கியிருந்த பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடபகுதி அது. இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள். புதுக்கோட்டையின் குன்றுகள் கடலுயிர் ஒன்றும் பதியாத கடும்பாறைகள். அரியலூர் மண்ணோ கடல்கிடந்த மண். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகட்கு முன் தொடங்கி, 6 கோடியே 60 நூறாயிரம் ஆண்டுகட்கு முன்வரை, கடல் அங்கு ஏறியும் இறங்கியும் வண்டலைப் படிவித்தது. அவ் வண்டலில் புதைந்த உயிர்கள் கல்லாயின. காரையின் செங்களி ஓடைகளிலும், ஊட்டத்தூர், கருடமங்கலம், கல்லங்குறிச்சி முதலிய ஊர்களின் நிலங்களிலும் மழை அரித்த பின்னர் அவை வெளிப்படுகின்றன.

அவற்றுள் தலையாயது, ஆட்டுக்கடாவின் கொம்புபோற் சுருண்ட கல். எகிபதியரின் ஆட்டுக்கொம்புக் கடவுளாகிய அம்மோன் பெயரால் மேலையர் அதனை அம்மோனைட்டு என்றனர். தமிழில் எழுதுவோர் சிலர் அதனை நத்தைக்கல் என்கின்றனர். அது பிழை. நத்தையின் ஓடு ஒரே குழல்; இதன் ஓடோ உள்ளே அறை அறையாகத் தடுக்கப்பட்டது. உயிர் கடைசி அறையில் வாழ்ந்தது. ஏனை அறைகளை ஊடுருவிய நுண்குழாயால் நீரையும் வளியையும் ஒழுங்குசெய்து கடலில் மிதந்தது. அதன் உறவு நத்தை அன்று, கணவாயே. எனவே, சுரிகணவாய் என்பது பொருந்திய பெயராம். சுரிதல் சுருளுதல், வினைத்தொகையாதலின் வலி மிகாது. பொருளை உள்ளவாறு அறிந்தாலன்றிப் பெயரைச் செவ்விதாக அமைத்தல் இயலாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இக் கற்களைத் தேடித் தொகுத்தவர் யார்? 1840-களில் கேய், கன்லிப்பு என்னும் ஆங்கிலர் இருவர் திரட்டி இலண்டனுக்கு விடுத்தனர்; 1846-இல் எட்வர்டு போர்பசு அவற்றை விளக்கி எழுதினார். அதன்பின் பிளான்போர்டு நிலத்தை அளந்து அடுக்குகளை வகுத்தார். மொராவியாவிற் பிறந்த தொலிச்சுக்கா 1860-களிலும் 70-களின் தொடக்கத்திலும் கல்கத்தாவிலிருந்து பெருந்தொகுதிகளாக நூல் யாத்தார். நூற்றாண்டின் இறுதியில் கொசுமத்து வியன்னாவில் ஆய்ந்தெழுதினார். அவர்தம் உழைப்பு போற்றத்தக்கதே. ஆயின் கல் தமிழ்நாட்டது. நூல் ஆங்கிலத்தது, செருமானியத்தது. ஊட்டத்தூரில் உழவன் கலப்பையில் இடறிய கல்லின் வரலாற்றை அவன் மகன் தன் தாய்மொழியில் விரிவாகக் கற்க இன்றும் வழி அரிது.

பெயர்களின் நிலையைப் பார்ப்போம். ஊட்டத்தூர், காரை, சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என்னும் தமிழ்ச் சிற்றூர்ப் பெயர்கள் பாறையடுக்குகளின் பெயர்களாக உலக ஆய்வு நூல்களில் வழங்குகின்றன. ஒரு சுரிகணவாய் இனத்திற்கே ஊட்டத்தூர்ப் பெயரை மேலையர் தம் நாவிற்கேற்பத் திரித்து, உட்டாட்டூரிசெராசு என இட்டனர். திரிந்தாலும் அஃது ஊரின் பெயர். ஆனால் கல்லக்குடியின் அடுக்கோ தால்மியாபுரம் அடுக்கு என்றே வழங்குகின்றது! அப் பெயரை மாற்றத் தமிழர் 1953-இல் தண்டவாளத்தில் தலைவைத்துப் போராடினர். பின்னர்த் தொடர்வண்டி நிலையம் கல்லக்குடியாயிற்று. பாறை இன்னும் ஆகவில்லை. கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் தொல்விலங்கிற்கு 1980-களின் பிற்பகுதியில் இடப்பட்ட பெயர் பிருகத்காயோசாரசு. பேருடல் என்னும் எளிய கருத்திற்கு வடசொல்லைத் தேடிய பெயரீடு அது.

பெயரினும் பெரிய இழப்பு மற்றொன்று. அவ் விலங்கின் எலும்புகளே சிதைந்து மறைந்தன. எஞ்சியவை வரைபடங்களும் ஒளிப்படங்களும் சிலவே. உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளுள் ஒன்றெனக் கருதப்படுவதன் சான்று, தமிழ் மண்ணிற் பல கோடி ஆண்டு கிடந்தது. வெளிப்பட்டபின் சில ஆண்டுகளில் அழிந்தது. பெயரை மீட்கலாம், கல்லை மீட்டல் ஒல்லாது.

நேபாளத்துக் கண்டகியாற்றில் கிடைக்கும் இதே வகைச் சுரிகற்களைச் சாளக்கிராமம் எனப் போற்றிப் பேழையில் வைப்போர் தமிழரிடையே உளர். அரியலூரின் சுரிகல்லோ பைஞ்சுதை ஆலைக்குச் சுண்ணாம்புக் கல்லொடு கல்லாக அரைபடுகின்றது; அல்லது வந்துபோவார் பையில் மறைகின்றது. ஆலை வேண்டா என்பது கருத்தன்று. பல்லாயிரவர் அதனால் உண்கின்றனர். வெட்டுமுன் பார்த்தெடுக்க ஆள் வேண்டும் என்பதே கருத்து.

ஈண்டு மற்றொன்றும் கூறுதல் கடன். அரியலூர்க் கடலைக் குமரிநாட்டுக் கடல்கோளுக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். அக் கடல் வற்றிய காலத்தில் மாந்தன் தோன்றவேயில்லை. பொருந்தாச் சான்றைக் காட்டுவதால் தமிழின் தொன்மை உயராது. பகைவர்க்கு நகைப்பே விளையும். மெய்யே தமிழுக்கு அரண்.

தமிழிளைஞர் செய்யத்தக்கன சில. பாறையை உடைத்துக் கல்லெடுத்தல் கூடாது. மழையில் உதிர்ந்து கிடப்பதையும், உரியவர் இசைவின்றி எடுத்தல் ஆகாது. கிடந்த இடம், அடுக்கு, நாள் ஆகியவற்றை அங்கேயே குறித்தல் வேண்டும். இடக்குறிப்பில்லாத சுரிகல் ஏடு கிழிந்த சுவடி. அழகுக்கன்றி அறிவுக்கு உதவாது. அரிய கல்லை வீட்டு நிலைப்பேழையில் அடைத்தலினும் அருங்காட்சியகத்திற்கு அளித்தல் நன்று. வாரணவாசியில் அமைந்துள்ள தொல்லுயிர் அருங்காட்சியகமும், திருக்கோகரணத்து அருங்காட்சியகமும் மாணவர் கால்படவேண்டிய இடங்கள். பெரம்பலூர்ச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் வேலியிட்டுக் காக்கப்படுகின்றது. காக்க முடியும் என்பதற்கு அது போதிய சான்று. அவ் வேலி காரைக்கும் வேண்டும். அதனினும் முன்னதாகத் தமிழில் நூல் வேண்டும்.

ஓலைச்சுவடியைச் செல்லுக்கும் தீக்கும் கொடுத்துவிட்டுப் பின்னர் ஊரூராய் அலைந்து தேடிய இனம் தமிழினம். அங்கு ஒரு படி அழிந்தாலும் மறுபடி எங்கேனும் கிடைத்தது. கல்லேட்டிற்கு மறுபடி இல்லை.