அசைவும் நோயும்

அழுகை என்னும் மெய்ப்பாடு நான்கு காரணங்களாற் பிறக்கும் என்பது தொல்காப்பியர் துணிபு. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. ஏனைய மூன்றையும் மாணவர் எளிதில் விளங்கிக்கொள்வர். அசைவு என்றதும் விழிப்பர். முன்னிருந்த நிலை கெட்டு, வேறொரு நிலைக்குத் தள்ளப்பட்டு வருந்துதலே அசைவு என்று உரைவழி நின்று விளக்குவேன். கற்பிட்டிக் கரையில் வாழும் எமக்கு அதற்கு உதாரணம் தேடி அலையவேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஏறக்குறைய 75,000 பேர். அவர்களுட் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே தங்கினர். மன்னாரிலிருந்து வள்ளமேறிக் கற்பிட்டியில் வந்திறங்கியோரின் பிள்ளைகள் பலருக்கு நான் தமிழ் கற்பித்திருக்கிறேன்.

அழுகைக்குக் காரணம் தெரிந்துவிட்டால் அழுகை விளங்கிவிடுகிறது. விளங்கிவிட்ட ஒன்றை நோய் என்று எவர் எண்ணுவார்? நான் இடறிய இடம் அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் என்னுடன் பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர், சிறுவனாக அவ்வள்ளமொன்றில் வந்தவர். மாலை வேளைகளில் என் வீட்டுத் திண்ணைக்கு வருவார், தேநீர் அருந்துவோம், யாப்பில் எண்ணும் கணக்கும் உண்டென்று வாதாடுவோம். ஒரு மாரிகாலத்தில் அவர் வாதாடுவதை நிறுத்தினார். வயிறு எரிகிறது என்றார். பின்பு தலை கனக்கிறது என்றார். இரத்தம் சோதித்தார்கள், படம் பிடித்தார்கள். யாதொரு குறையும் இல்லை என்றார்கள். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னார். திருத்தாத கொப்பிகள் அவர் மேசையிற் குவிந்தன. நான் என்ன செய்தேன்? பாட்டுச் சொன்னேன். இடுக்கண் வந்தபோது கலங்காதவரின் கதைகளைச் சொன்னேன். “தம்பி, ஊரை இழந்த துயரம் ஒருநாளில் ஆறுமா?” என்று கேட்டேன். ஊரை இழந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன என்பதும், அத்தனை காலமும் அவர் சிரித்துக்கொண்டு கணக்குப் படிப்பித்தவர் என்பதும் என் புத்திக்கு எட்டவில்லை.

ஒருநாள் தம் குறிப்புக் கொப்பிகளையெல்லாம் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்தார். “ஐயா, இவற்றை நீங்கள் வைத்திருங்கள். எனக்கு இனித் தேவைப்படாது” என்றார். இடமாற்றம் கேட்டிருக்கிறார் போலும் என்று எண்ணி வாங்கி அலமாரியில் வைத்தேன். இதை எழுதும்போதும் என் கை நடுங்குகிறது.

அவரைக் காத்தது என் தமிழன்று. வயிற்றெரிவுக்கு மருந்து வாங்க மறுநாள் சென்றபோது, வெளிநோயாளர் பிரிவிலிருந்த இளம் வைத்தியர் ஒருவர், “எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள்? முன்பு விரும்பிச் செய்தவற்றில் இப்போது எதிலாவது நாட்டம் உண்டா? சாகலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேரே கேட்டார். மூன்றாவது கேள்விக்கு அவர் அழுதார். அன்றே மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

எம் பகுதியைப் பற்றியே ஓர் ஆய்வு உண்டென்பதைப் பின்னர்தான் அறிந்தேன். இம்மாவட்டத்தில் நெடுங்காலம் இடம்பெயர்ந்து வாழ்ந்த 450 பேரை வினாவி, செஸ்மல் சிறிவர்தன என்னும் வைத்திய ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 2013இல் வெளியிட்டது அது. அவர்களுட் பொதுவான உளநோய்களில் ஏதேனும் ஒன்றுடையோர் நூற்றுக்கு 18.8. பெரும் மனச்சோர்வு உடையோர் 5.1. உடல் வாயிலாகவே நோவு பேசுவோர் 14. இந்தக் கடைசி எண்ணை ஆசிரியர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். எம்மவரிற் பலர் ‘மனம் சரியில்லை’ என்று சொல்வதில்லை. வயிறு, தலை, நெஞ்சு என்றே சொல்வர். மறுபக்கத்தையும் பாருங்கள். ஐந்தில் நால்வருக்கு அந்நோய்கள் இல்லை. ஆகவே அசைவு வேறு, நோய் வேறு. அசைவுற்றவரெல்லாம் நோயாளருமல்லர், அசைவுற்றவர் என்பதற்காக ஒருவருடைய நோயைத் துயரமென்று தள்ளிவிடவும் ஆகாது.

எங்கே கோடு கிழிப்பது? மருத்துவ நூலார் இரண்டு வாரம் என்கிறார்கள். நாளின் பெரும்பொழுதும், ஏறக்குறைய எல்லா நாளும், இரண்டு வாரத்துக்கு மேலாக மனம் இருண்டிருந்தால், அல்லது எதிலும் சுவை அற்றுப்போனால், அதனுடன் நித்திரையும் உணவும் குலைந்து தொழிலும் நின்றால், வைத்தியரிடம் போகவேண்டும். சாவைப் பற்றிய பேச்சு எழுந்தாலோ இரண்டு வாரம் என்ன, இரண்டு நாளும் காத்திருக்கலாகாது. இதற்கு நேர்மாறான கோலமும் உண்டு. நித்திரையின்றியே களைப்பறியாமல், ஓயாது பேசி, கைப்பொருளை வாரி இறைத்து, தம்மால் ஆகாதது இல்லை என்று திரிவர். அதை நாம் உற்சாகம் என்று மெச்சுவோம். சோர்வும் இவ்வெழுச்சியும் மாறி மாறி வருவோர்க்கு மருந்தே வேறு. ஆதலால், முன்பு அப்படி ஒரு காலம் இருந்ததா என்பதை வைத்தியரிடம் மறைக்கலாகாது.

சொல்லைப் பற்றியும் பண்டிதன் ஒருவார்த்தை சொல்லாமல் விடலாமா? ‘மன அழுத்தம்’ என்ற தொடரைப் பரீட்சைப் பயத்துக்கும் வழங்குகிறோம், இந்நோய்க்கும் வழங்குகிறோம். ஒரே சொல்லால் இரண்டையும் சுட்டினால், நோயுற்றவனைப் பார்த்து ‘எல்லோருக்கும் உள்ளதுதானே’ என்பது இயல்பாகிவிடுகிறது. ‘மனச்சோர்வு’ என்பது அதனினும் நன்று. எனினும் சோம்பலின் நிழல் அதிலே விழுகிறது. இதனினும் தக்க சொல் ஆக்குவோர் ஆக்குக. ‘அங்கொடைக்கு அனுப்பவேண்டும்’ என்று வகுப்பறையிற் பரிகசிப்பதை அதுவரையிலேனும் நிறுத்துவோம். அப்பரிகாசத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தனக்கு நோய் வந்தால் எப்படி வாய்திறக்கும்?

முன்னேசுவரத்திலே அருச்சனை செய்வோர் செய்க. தலவில அன்னம்மாளுக்கு நேர்த்தி வைப்போர் வைக்க. ஓதித் தண்ணீர் பருகுவோர் பருகுக. மனத்துக்கு ஆறுதல் தருவதைப் பறிப்பது என் நோக்கமன்று. ஆனால் நூல் கட்டிய கையோடே கிளினிக்குக்கும் போகவேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் காசில்லை. நள்ளிரவில் மனம் பொறுக்காவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தற்கொலைக்கு முயல்வது குற்றமென்றிருந்த சட்டமும் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. பொலிசுக்கு அஞ்சி ஒளிக்க வேண்டியதில்லை.

குளிசை வெறும் நித்திரை மருந்து என்று எண்ணுவோர் எம்மிடையே பலர். அப்படியன்று. அது வேலைசெய்யவே சில வாரமாகும், சுகம் கண்டபின்னும் பல மாதம் எடுக்கவேண்டும், நினைத்தவுடன் நிறுத்தலாகாது. என் நண்பர் மூன்றாம் வாரம், “ஒரு பயனும் இல்லை” என்றார். அப்பொழுது நான் பாட்டுச் சொல்லவில்லை. அடுத்த கிளினிக் நாளில் அவருடன் பஸ்ஸேறினேன். மருந்தின் கூறுகளை எண்ணிய வள்ளுவர், நோயாளியையும் வைத்தியரையும் மருந்தையும் சொன்னதோடு அமையாது, உடனிருப்பவனையும் சேர்த்து நான்காக எண்ணினார் அல்லரோ? அந்நான்காம் இடந்தான் எனக்கு ஏற்றது.

இரண்டு மாதம் கழிந்தபின் அவர் கொப்பிகளைத் திருப்பிக் கேட்டார். நானே சுமந்துகொண்டுபோய்க் கொடுத்தேன்.

கிளினிக் வாங்கில் முதன்முறை அமர்ந்திருந்தபோது, என் பழைய மாணவியொருத்தியின் தாயார் எதிரே வந்தார். என்னைக் கண்டதும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு அப்பாலே போய் நின்றார். அடுத்த மாதமும் வந்தார். சிறிது தயங்கினார். பின்பு, “ஐயாவும் இங்கேயா?” என்று கேட்டு, எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.