மேகசின் கீழே விழட்டும், விடுங்கப்பா!

முதல்லயே சொல்லிடறேன், மேகசின்னா குமுதமோ விகடனோ இல்லை :-) பிஸ்டலின் கைப்பிடிக்குள் போகிற தோட்டாப் பெட்டி. பயிற்சியின்போது அதைத் தரையில் விழவிடலாமா கூடாதா என்று அமெரிக்காவில் துப்பாக்கி சுடுபவர்களுக்குள் ஒரு தீராத சண்டை உண்டு. "விழுந்தா கெட்டுப் போயிடும், கையில் பிடிச்சு பாக்கெட்டில் போடு" என்று ஒரு கட்சி. இன்றைக்கு இந்தக் கட்சியைத்தான் வம்புக்கு இழுக்கப் போகிறேன்.

நமக்குத் துப்பாக்கி சுடுதல் என்றால் ஒலிம்பிக்தான் ஞாபகம் வரும். 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கினாரே, அந்த 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் ஐந்து ஐந்து குண்டாகச் சுடுவார்கள். மேகசின் மாற்றுகிற நேரம் அங்கே கணக்கிலேயே வராது. (நம்ம சினிமா ஹீரோவுக்கு மாற்றவே வேண்டாம், அது தனிக் கதை.) நான் பேசுவது 1976-இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா ஊரில் உருவான ஐ.பி.எஸ்.சி. வகைப் போட்டிகளையும், அங்குள்ள போலீஸ் பயிற்சியையும் பற்றி. ஓடிக்கொண்டே சுட வேண்டும், காலியானால் ஓரிரு விநாடியில் மாற்ற வேண்டும். கட்டைவிரல் பொத்தானை அழுத்தும், பழையது தன் எடையிலேயே கீழே போகும், இன்னொரு கை அதற்குள் புதியதை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருக்கும். அந்தக் கையைத்தான் இவர்கள் குப்பை பொறுக்கக் கூப்பிடுகிறார்கள்.

சரி, விழுந்தால் என்னதான் ஆகும்? ப்ளஸ் டூ பிசிக்ஸ் போதும். 1.2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் தரையைத் தொடும் வேகம் விநாடிக்குச் சுமார் 4.8 மீட்டர். க்ளாக் 17-இன் காலி மேகசின் ஏறக்குறைய 80 கிராம், 17 தோட்டாவும் இருந்தால் 280 கிராம் பக்கம். காலியாக விழுந்தால் ஒரு ஜூல் கூடத் தேறாது, நிரம்பி விழுந்தால் மூன்றைத் தாண்டும். பயிற்சியில் விழுவது பெரும்பாலும் காலிதான். அதுவும் அடித்தட்டில் விழுந்தால் கீறல், போனால் ஒரு விரிசல். அடித்தட்டை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். உண்மையான ஆபத்து மேல் முனையில். தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் இரண்டு உதடுகள் கான்கிரீட்டில் மோதி வளைந்தால், அடுத்த தோட்டா கோணலாக ஏறும், துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐயா, அப்படிக் கெடக்கூடிய மேகசின் பயிற்சி மைதானத்தில் கெட்டால் உங்களுக்கு நஷ்டம் சில டாலர். எதிரில் ஒருவன் சுட்டுக்கொண்டிருக்கும்போது கெட்டால்?

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கதை வரும். 1970 ஏப்ரலில் கலிபோர்னியாவின் நியூஹாலில் நான்கு நெடுஞ்சாலை ரோந்து அதிகாரிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவர் பயிற்சிப் பழக்கத்தில் காலி உறைகளைப் பாக்கெட்டில் போட்டு நேரத்தை இழந்தார் என்று பல வருடம் வகுப்பெடுத்தார்கள். பின்னால் ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தால் உறைகள் பாக்கெட்டில் இல்லை, தரையில்தான் கிடந்தன. செத்தவர் மேல் பொய்யாக ஒரு தப்பைச் சுமத்தி நடத்துகிற பாடம் என் கட்சிக்கும் வேண்டாம். ஆயிரம் தடவை ஒரு மாதிரி செய்த கை, நெருக்கடியிலும் அதையேதான் செய்யும் என்பதற்குக் கதை எதற்கு? டைப் அடிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

இந்தச் சிக்கனம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது. 1994 செப்டம்பர் முதல் 2004 செப்டம்பர் வரை, பத்துக்கு மேல் தோட்டா பிடிக்கும் மேகசின்களைப் புதிதாகச் செய்து பொதுமக்களுக்கு விற்க அமெரிக்காவில் தடை. பழைய ஸ்டாக் விலை எங்கேயோ போனது. அப்போது பொத்திப் பொத்தி வைத்தது நியாயம். கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்களில் இன்னும் கட்டுப்பாடு உண்டு, அவர்கள் கஷ்டம் வேறு. மற்றவர்களுக்கு என்ன வந்தது? க்ளாக்கையே பாருங்கள். ஆரம்ப கால மேகசின்கள் தோட்டா நிரப்பினால் லேசாக உப்பிக்கொண்டு தானாக விழாது, இழுக்க வேண்டும். அப்புறம் பிளாஸ்டிக்குக்குள் நாலு பக்கமும் எஃகுத் தகடு வைத்துத் தானாக விழும்படி மாற்றினார்கள். செய்தவனே விழட்டும் என்று செய்து கொடுத்தபின் வாங்கியவனுக்கு ஏன் பதற்றம்?

பயப்பட வேண்டியது மண்ணுக்கு. ஈராக்கில் அமெரிக்கச் சிப்பாய்களின் எம்9 பிஸ்டல் சிக்கியதற்கு, மேகசினின் சொரசொரப்பான பூச்சில் நுண்மணல் ஒட்டிக்கொண்டதே பெரிய காரணம். அதனால் பயிற்சி முடிந்ததும் கழற்றித் துடையுங்கள். பெயிண்டில் நம்பர் எழுதுங்கள், எது சிக்குகிறது என்று தெரியும். இடுப்பில் கட்டிக்கொண்டு போவதையும் பயிற்சிக்கு உள்ளதையும் தனித்தனியாக வையுங்கள். இரண்டு தடவை சிக்கியதைக் காலால் மிதித்து நசுக்கிவிட்டுக் குப்பையில் போடுங்கள், புதுசாகச் சேர்ந்த பையனுக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிடாதீர்கள்!

கான்கிரீட் தரையில் ரப்பர் பாய் விரிக்கணுமா, தாராளமாக விரியுங்கள். குனிந்து பொறுக்குவதை மட்டும் துப்பாக்கியைக் காலி செய்து உறையில் போட்டபிறகு வைத்துக்கொள்ளுங்கள்.